டீச்சர் பதில்கள்: பாழடைந்த சப்பாத்தி

போன மாதம், பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கதைச் சொற்களைப் பற்றித்தான். சமையல் சந்தேகமும் மூட்டுவலியும் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். (மூட்டுவலிக்கு நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்? மாடிப்படி ஏறும்போது எனக்கே உயிர் போகிறது.)

என் மகளுக்கு எட்டு வயது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டேன். ஆனால் தேவதைக் கதைப் புத்தகத்தை எடுத்தால் 'அடர்ந்த', 'பாழடைந்த', 'வஞ்சக', 'மினுமினுக்கும்' என்று வரிக்கு ஒரு சொல்லில் தடுக்கி நிற்கிறாள். நாற்பது சொற்களை ஆங்கில அர்த்தத்தோடு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். இரண்டு வாரத்தில் நான்குகூட மனசில் நிற்கவில்லை. என்ன செய்வது?
வாசகி, ஒயிட்ஃபீல்டு

முதலில் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். உங்கள் மேல் கோபமில்லை. நானும் ஒட்டியவள்தான். மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது கலர் சாக்பீஸில் 'அடர்ந்த = நெருக்கமான' என்று கரும்பலகை ஓரத்தில் எழுதி ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருந்தேன். பரீட்சையில் எல்லோரும் பொருள் சரியாக எழுதினார்கள். 'சொந்த வாக்கியத்தில் அமை' என்ற கேள்விக்கு ஒரு பையன் எழுதியது: 'எங்கள் வீடும் பக்கத்து வீடும் அடர்ந்தது.' ஸ்ரீராமபுரத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வரிசை வீடு அவனுடையது. அவன் மேல் என்ன தப்பு? நான் பொருளைக் கொடுத்தேன், சொல்லைக் கொடுக்கவில்லை.

ஒரு கதைக்கு மூன்று சொல் போதும். கதை அந்தச் சொல் இல்லாமல் நகராது என்கிற மாதிரி மூன்றைப் பொறுக்குங்கள். மற்றதெல்லாம் ஓடுகிற தண்ணீரோடு ஓடட்டும்.

'பாழடைந்த' என்ற சொல்லை நான் எப்படிச் சொல்லித் தந்தேன் என்று சொல்கிறேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய பங்களா இருக்கிறது. சொத்துத் தகராறு என்று கேள்வி. மங்களூர் ஓடு பாதி சரிந்துவிட்டது. கேட் ஒரு கீலில் தொங்குகிறது. சுவர் வெடிப்பில் அரசமரக் கன்று ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. திண்ணையில் பூனை குட்டி போட்டிருக்கிறது. ஒரு சனிக்கிழமை கதைக்கு முன்னால் பிள்ளைகளை அங்கே நடத்திக் கூட்டிப்போய், கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, 'இது பாழடைஞ்ச வீடு' என்று மட்டும் சொன்னேன். விளக்கம் எதுவும் இல்லை. திரும்பி வந்து கதையில் 'ராஜகுமாரன் ஒரு பாழடைந்த மாளிகைக்குள் நுழைந்தான்' என்றதும் முன்வரிசைச் சிறுமி, 'ஐயோ, பூனை இருக்குமே!' என்றாள். அந்தச் சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, பூனையோடு சேர்த்து.

அடுத்த வாரம் அவள் அம்மா வாசலில் நிறுத்திச் சிரித்தார். டிபன் டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து, 'அம்மா, சப்பாத்தி பாழடைஞ்சு போச்சு' என்றாளாம். திருத்தினீர்களா என்று கேட்டேன். 'சிரிச்சு முடிக்கவே நேரம் சரியாப் போச்சு டீச்சர்' என்றார். நல்லதாகப் போயிற்று. பயன்படுத்திப் பார்க்கிற பிள்ளையை முதல் தடவையே இழுத்துப் பிடித்தால் அடுத்த தடவை வாயே திறக்காது. 'ஆமாம், காஞ்சு வரட்டி மாதிரி ஆயிடுச்சு' என்று சரியான சொல்லை நாம் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான்.

அந்தச் சப்பாத்தி எனக்கு ஒரு மாதத்துக்குப் பாடம் கொடுத்தது. கெட்டுப்போவதற்குத் தமிழில் பொருளுக்கு ஒரு சொல் இருக்கிறது பாருங்கள். பால் திரியும். சோறு ஊசிப்போகும். பழம் அழுகும். ரொட்டியில் பூசணம் பூக்கும். எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். துணி நைந்துபோகும், மரம் உளுத்துப்போகும், இரும்பு துருப்பிடிக்கும், பூ வாடும், வீடு பாழடையும். எல்லாவற்றுக்கும் 'கெட்டுப்போச்சு' ஒன்றையே போட்டு நாமே பேச ஆரம்பித்துவிட்டோம், அப்புறம் பிள்ளைக்குச் சொல் தெரியவில்லை என்றால் எப்படி? சமையலறையில் நிற்கும்போது சொல்லுங்கள். தலை வாரும்போது 'உன் முடி எவ்வளவு அடர்த்தி, சீப்பே போகமாட்டேங்குது' என்று சொல்லுங்கள். அடர்ந்த காடு வரும்போது அவள் கை தானாகத் தலைக்குப் போகும்.

இன்னும் இரண்டு விஷயம். கதை நடுவில் நிறுத்தி அர்த்தம் கேட்காதீர்கள். அரக்கன் கதவைத் தட்டும் நேரத்தில் 'கொடிய என்றால் என்ன?' என்று கேட்டால் அரக்கனும் போய்விடுவான், சொல்லும் போய்விடும். சொல்லுக்குப் பக்கத்திலேயே பொருளை இழையோட விடுங்கள்: 'கும்மிருட்டு. தன் கை தனக்கே தெரியலை.' இன்னொன்று என் சொந்தத் தந்திரம்: இரண்டாம் தடவை சொல்லும்போது வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். 'அந்தப் பளபளன்னு இருந்த புது மாளிகைக்குள்ளே...' என்று இழுப்பேன். 'இல்லே டீச்சர், பாழடைஞ்ச மாளிகை!' என்று பதினோரு பிள்ளைகளும் கத்துவார்கள். ஃபிரிட்ஜ் தாள் இதைச் செய்யுமா?

என் மகன் தமிழ்க் கதை சொல்லும்போது நடுவில் கன்னடச் சொல்லைப் போடுகிறான். 'ஹளே அரண்மனை', 'ஹாளு வீடு' என்கிறான். இரண்டு மொழியும் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
வாசகர், ராமமூர்த்தி நகர்

சார், உங்கள் பையன் தெரியாமலே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறான். பழைய கன்னடத்தில் சொல்லின் முதலில் 'ப' இருந்த இடத்தில், இன்றைய கன்னடத்தில் பெரும்பாலும் 'ஹ' வருகிறது. நம் பால் அங்கே ஹாலு. புலி, ஹுலி. பெரிய, ஹிரிய. பழைய, ஹளே. பாழ் என்பதுதான் ஹாளு. 'ஹாளு வீடு' என்றால் சாட்சாத் பாழ் வீடு. சிதைந்து கிடக்கும் ஹம்பியைக் கன்னடத்தில் 'ஹாளு ஹம்பே' என்று சொல்லும் வழக்கமே உண்டு.

புது என்பது ஹொச. ஓசூர் போகிற பஸ்ஸில் பெயர்ப்பலகையைக் காட்டிக் கேளுங்கள்: ஹொச ஊர், ஹொசூர், நம் ஓசூர். தமிழில் சொன்னால் புதூர். இந்த ஒரு கணக்கு பிடிபட்டதும் எங்கள் மாடிப் பிள்ளைகள் ஒரு வாரம் கடைப் பலகையெல்லாம் படித்துக்கொண்டு திரிந்தார்கள். இன்னொரு கணக்கும் உண்டு: நம் 'செ', 'சி' சில சொற்களில் அங்கே 'கெ', 'கி' ஆக இருக்கும். செவி, கிவி. சிறிய, கிரிய. செம்மை, கெம்பு. இதில் கன்னடம்தான் பழைய ஒலியை வைத்துக்கொண்டிருக்கிறது, மாறியது நாம்.

எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது. ஆனாலும் கதை சொல்லும்போது அவன் 'ஹளே அரண்மனை' என்றால், 'ஆமாம், பழைய அரண்மனை, ரொம்பப் பழசு' என்று ஒத்து ஊதுங்கள். பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு பாட்டி வீடு இருக்கிற பிள்ளைக்கு என்ன குறை?

வணக்கம் டீச்சர். நான் ஐந்தாம் வகுப்பு. ஒரு கதை எழுதினேன். 'மிக மிக அழகான இளவரசி மிக மிக பெரிய காட்டில் மிக மிக கருப்பான இரவில் போனாள்' என்று எழுதினேன். அம்மா சிரிக்கிறார். 'மிக'வுக்கு வேறு சொல் கொடுங்கள்.
ஒரு மாணவன், ஆஸ்டின் டவுன்

வா கண்ணு. சொல் வேண்டும் என்றால் ஆறு தருகிறேன்: சால, உறு, தவ, நனி, கூர், கழி. ஆறுமே 'மிகுதி' என்று நன்னூல் சொல்கிறது. 'நனி நன்று' என்று உன் அம்மாவிடம் சொல்லிப் பார், தோசை நன்றாக இருக்கும்போது. ஆனால் கதையில் 'நனி பெரிய காடு' என்று எழுதினால் உன் நண்பர்கள் ஓடிவிடுவார்கள். அது பாட்டுக்கு உள்ள சொல்.

(அப்புறம், 'மிகப் பெரிய' என்று 'ப்' போட வேண்டும். பழைய டீச்சர், விடமாட்டேன்.)

உன் இரவைப் பார்ப்போம். நிறத்தை அழுத்திச் சொல்ல நம்மிடம் தனி ஆட்டமே இருக்கிறது. கன்னங்கரேலென்று இருட்டு. செக்கச்செவேலென்று பழம். பச்சைப்பசேலென்று வயல். வெள்ளைவெளேரென்று முயல். வாய்விட்டுச் சொல்லிப் பார், நாக்கே குதிக்கும். நீலத்துக்கு இப்படி ஒன்று நான் கேட்டதில்லை. நீ வேண்டுமானால் ஒன்று செய்து அனுப்பு, சனிக்கிழமை மாடியில் ஓட்டுக்கு விடலாம்.

இரட்டைக்கிளவி படித்திருப்பாய். பளபள, சலசல, மினுமினு, கிடுகிடு. இதைப் பிரித்தால் பொருள் தராது என்பது தொல்காப்பியம் சொல்கிற விதி. 'பள' என்று ஒற்றையாகச் சொல்லிப் பார், ஒன்றுமே இல்லை. 'பாம்பு பாம்பு' என்று கத்தினால் அது வேறு, அதில் ஒரு பாம்பை எடுத்துவிட்டாலும் இன்னொன்று நெளியும். அதற்குப் பெயர் அடுக்குத்தொடர். கதைக்கு இரட்டைக்கிளவி உப்பு மாதிரி. சிலம்பு கலகல, அருவி சலசல, வயிறு கடமுட.

இப்போது அந்த 'மிக மிகப் பெரிய'. லால்பாக் போயிருக்கிறாயா? அங்கே ஒரு பெரிய இலவ மரம் இருக்கிறது, பஞ்சு காய்க்குமே, அது. போன வருஷம் எங்கள் கூட்டத்தைக் கூட்டிப்போய், அதற்கு முன்னால் உட்காரவைத்து, 'பெரிய, மிக, ரொம்ப, மூன்று சொல்லுக்கும் தடை. இந்த மரம் எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்' என்றேன். முதலில் சத்தமே இல்லை. அப்புறம் ஒருத்தி, 'வேர் சுவர் மாதிரி நிக்குது' என்றாள். இன்னொருவன் எழுந்துபோய் இரண்டு வேருக்கு நடுவில் புகுந்துகொண்டு, 'நான் எங்கே இருக்கேன்னு தெரியுதா?' என்று கத்தினான். தலை தெரியவில்லை. மூன்றாவது ஆள், ரொம்ப அமைதியான பிள்ளை, அடிமரத்தைத் தடவிப் பார்த்து, 'யானையோட முழங்கால்' என்றது.

உன் காட்டுக்குள் ஒரே ஒரு மரம் இப்படி எழுது. நீயாகப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு எழுது. இளவரசி அழகா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பனி போல் வெளுத்த இளவரசியின் கதையை எப்படித் தமிழில் சொல்வது? பேத்தி பனி என்றால் மார்கழி மாதத்துப் பனி என்று நினைக்கிறாள்.
வாசகி, அல்சூர்

அவள் நினைப்பதும் பனிதான். புல்லில் இருப்பதும் பனி, டிசம்பர் காலையில் விமானத்தைத் தாமதப்படுத்துவதும் பனி, இமயமலையில் கிடப்பதும் பனி. அதனால் பிரித்துச் சொல்லுங்கள்: பனித்துளி, மூடுபனி, வெண்பனி. கிரிம் சகோதரர்கள் 1812-ல் அச்சிட்ட அந்தக் கதையில் நிறம் மூன்று. ராணி கருங்காலிச் சட்டம் போட்ட ஜன்னலருகே தைக்கிறாள், ஊசி குத்தி வெண்பனியில் ரத்தம் சொட்டுகிறது. வெள்ளை, சிவப்பு, கருப்பு மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்துத்தான் அப்படி ஒரு பிள்ளை வேண்டும் என்கிறாள். அதனால் பனியை மாற்றாதீர்கள், கதையே கெட்டுவிடும். நம்மூர்க் கதை என்றால் தும்பைப்பூ போல வெள்ளை என்று தாராளமாகச் சொல்லலாம்.

கருங்காலியை மறக்காமல் 'கருங்காலி மரம்' என்றே சொல்லுங்கள். வேலைநிறுத்தத்தின்போது உள்ளே போய் வேலை பார்ப்பவரைத் திட்டும் சொல்லும் அதுதான். உங்கள் வீட்டுத் தாத்தா தொழிற்சங்கத்துக்காரராக இருந்தால் கதை வேறு பக்கம் போய்விடும். பழைய கருங்காலி உலக்கை வீட்டில் கிடந்தால் காட்டுங்கள், அந்தக் கருப்பு புரியும்.

கதைகளில் நல்லவள் என்றால் சிவந்த மேனி, கெட்டவள் என்றால் கருத்த, குரூபமான, கூன் விழுந்த உருவம். இந்தச் சொற்களையும் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டுமா?
வாசகி, கே.ஆர்.புரம்

இந்தக் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், சூனியக்காரி வரும் இடத்தில் என் பாட்டி குடியாத்தத்தில் சொன்னபடியே, 'கருகருன்னு, பார்க்கவே சகிக்காத மூஞ்சி' என்று அபிநயத்தோடு சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமி, நல்ல கருப்பு, லட்சணமான பிள்ளை, பாயில் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து தூணுக்குப் பக்கத்தில் போய்விட்டாள். அன்று கதை முடியும்வரை முன்னால் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் பின்னால்தான். நான் அவளிடம் என்ன சொல்ல முடியும்? 'உன்னைச் சொல்லலைம்மா' என்றால் இன்னும் மோசம்.

அன்றிலிருந்து என் சூனியக்காரிக்கு நிறம் கிடையாது. குரல் உண்டு: கரகரத்த குரல். பார்வை உண்டு: கொத்துவது போன்ற பார்வை. செய்கை உண்டு: வஞ்சகம், பேராசை, இனிக்க இனிக்கப் பேசிக் கழுத்தறுப்பது. சொல்லிப் பாருங்கள், முன்னைவிட நன்றாகவே பயப்படுகிறார்கள். கூனையும் எடுத்துவிட்டேன். என் முதுகும் இப்போது லேசாக வளைய ஆரம்பித்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

கருப்பை நல்ல இடத்தில் வையுங்கள். கார்மேகம், கருவிழி, கருங்கூந்தல், கார்மேனிக் கண்ணன் என்று எவ்வளவோ இருக்கிறது. சூல்கொண்ட மேகத்துக்குக் கருப்புதான் அழகு. என் ராஜகுமாரிகளில் பாதிப்பேர் இப்போது மழைமேக நிறம். அந்தச் சிறுமி முன்னால் வந்துவிட்டாளா என்று கேட்பீர்கள். அவள் அப்பாவுக்கு மாற்றலாகிவிட்டது, மைசூருக்குப் போய்விட்டார்கள்.

அரண்மனை, அரக்கன், மாயக் கண்ணாடி. இந்தச் சொற்களைப் படித்து வாழ்க்கையில் என்ன பிரயோசனம்? அந்த நேரத்தில் கோடிங் கற்கலாமே.
வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

வீடு மாற்றும்போது பத்து மாத அட்வான்ஸைத் திருப்பித் தராத ஓனரைப் பார்த்திருப்பீர்கள். அவரை வர்ணிக்க உங்களிடம் என்ன சொல் இருக்கிறது? 'பேராசை பிடித்த', 'ஈவிரக்கமற்ற', 'நயவஞ்சக' எல்லாம் கதையில்தான் கிடைக்கும். கோடிங்கும் கற்கட்டும். சனிக்கிழமை ஐந்தரை முதல் ஆறரை வரை மட்டும் எனக்கு விடுங்கள்.

என் மாமியார் பேரனுக்கு விக்கிரமாதித்தன் கதை சொல்கிறார். புத்தக நடையிலேயே, 'சற்றும் மனம் தளராத' என்றெல்லாம் சொல்கிறார். பிள்ளைக்குப் புரியாது, பேச்சுத் தமிழில் சொல்லுங்கள் அத்தை என்றால் கோபம் வருகிறது. யார் சொல்வது சரி?
வாசகி, மல்லேஸ்வரம்

அத்தை.

கொஞ்சம் விளக்குகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கும் கோபம் வரும். 1947-ல் தொடங்கிய அம்புலிமாமா படித்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தத் தொடர் மனப்பாடம். மாதா மாதம் அதே முருங்கை மரம், அதே வேதாளம், அதே சொற்கள். 'தளராத' என்பதற்கு யாரும் எங்களுக்கு அர்த்தம் சொன்னதில்லை. இவ்வளவு தடவை வேதாளம் பறந்துபோயும் திரும்ப மரமேறுகிறானே, அவன் எப்படிப்பட்டவன் என்று எங்களுக்கே தெரிந்தது. திரும்பத் திரும்ப வருகிற தொடரைப் பிள்ளை முதல் நாள் வேடிக்கை பார்க்கும், மூன்றாம் நாள் கூடச் சேர்ந்து சொல்லும்.

நடுவில் சம்பாஷணை வரும் இடத்தில் மட்டும் பேச்சுத் தமிழ் இருக்கட்டும். வேதாளம் 'ஏய் ராஜா, உனக்கு ஏன் இந்த வேலை?' என்று கேட்கலாம். இதை உங்கள் யோசனையாகச் சொல்லாதீர்கள், பத்திரிகையில் டீச்சர் எழுதியிருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

வீட்டில் வைக்க ஒரு நல்ல அகராதி சொல்லுங்கள்.
வாசகர், ஜெயநகர்

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. முதல் பதிப்பு 1992, மூன்றாம் பதிப்பு 2020. சொல்லுக்குப் பொருள் மட்டும் போடாமல், அது வரும் வாக்கியத்தையும் போட்டிருப்பார்கள், ஆங்கிலப் பொருளும் இருக்கும். ஒயிட்ஃபீல்டு அம்மாவுக்கும் இதையே சொல்கிறேன், பிள்ளைக்கு இல்லை, அவருக்கு. கனமான புத்தகம், மல்லாந்து படுத்துக்கொண்டு படிக்காதீர்கள். நான் படித்தேன். மூக்கில் விழுந்தது.